கோல்டர்ஸ் கிரீன் முதல் கேசில் ஹவர்ட் வரை: ஈவ்லின் வா பயணக் குறிப்புகள்

திங்கள், லண்டன்

நார்தர்ன் லைன் ரயிலில் வந்து கோல்டர்ஸ் கிரீன் நிலையத்தில் இறங்கி, நார்த் எண்ட் ரோட்டில் மேட்டுப் பக்கமாக நடந்தால் 145ஆம் எண் வீடு வரும். சுவரில் ஒரு நீல வட்டப் பலகை இருக்கிறது. நாவலாசிரியர் ஈவ்லின் வா வாழ்ந்த வீடு இது. 1907இல் அவருடைய அப்பா ஆர்தர் வா கட்டி, 'அண்டர்ஹில்' என்று பெயர் வைத்தார். அதே 1907இல்தான் கோல்டர்ஸ் கிரீனுக்கு ரயிலும் வந்தது. ரயில் வந்ததும் சுற்றிலும் வீடுகள் பெருகி, வயல்வெளியாக இருந்த இடம் புறநகராகிவிட்டது. பையனுக்கு அது பிடிக்கவில்லை. கடிதங்களில் கோல்டர்ஸ் கிரீன் முத்திரை விழக் கூடாது என்று, மேடேறி ஹாம்ஸ்டெட்டுக்கு நடந்து போய்த் தபாலில் போடுவாராம். அந்த மேட்டில் நானும் நடந்து பார்த்தேன். மூச்சு வாங்கத்தான் செய்கிறது.

ஈவ்லின் வா பிறந்தது 1903இல், இறந்தது 1966இல். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில அங்கத நாவல் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. நான் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், மூத்தவர் ஒருவர் ஈவ்லினின் 'ஸ்கூப்' நாவலைக் கையில் கொடுத்து, "பத்திரிகைக்காரன் ஆகிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு" என்றார். அப்போது பிடித்தது. இப்போது பணி ஓய்வு பெற்று, ரெடிங்கில் இருக்கும் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஈவ்லின் வாழ்ந்த இடங்களை ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மனதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. அவர் காலத்தில் அவரைவிடப் பேர் வாங்கியவர்கள் பலர் இன்று பழைய புத்தகக் கடையில்கூடக் கிடைப்பதில்லை. இவர் எப்படி நிற்கிறார்? நல்ல மனிதர் என்று யாரும் சொல்லாத ஒருவர், காலாவதியான கருத்துகளைக் கடைசி மூச்சுவரை விடாதவர், எந்த பலத்தில் நிற்கிறார்?

அப்பா ஆர்தர், டிக்கன்ஸின் பதிப்பாளர்களான சாப்மன் அண்ட் ஹால் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். மாலை நேரங்களில் வீட்டாரை உட்கார வைத்து டிக்கன்ஸை உரக்க வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். மகன் 1934இல் எழுதிய 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்' நாவலில், டோனி லாஸ்ட் என்ற பண்ணையார் தென்னமெரிக்கக் காட்டில் ஒரு கிறுக்கனிடம் மாட்டிக்கொள்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆளுக்கு, வாழ்நாள் முழுக்க டிக்கன்ஸை உரக்க வாசிக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு விழுந்த தண்டனை. ஒரு வரவேற்பறையின் அன்பான பழக்கத்தை எடுத்து இப்படி ஒரு நரகத்தைக் கட்டியிருக்கிறாரே என்று, அந்த வீட்டு ஜன்னல்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையில் இஸ்லிங்டன் பகுதியில் இருக்கும் கேனன்பரி சதுக்கம். நடுவில் பூங்கா, சுற்றிலும் உயரமான பழைய வீடுகள். 1928இல் ஈவ்லின் கார்ட்னர் என்ற பெண்ணை ஈவ்லின் மணந்தார். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பெயர். புது மணத் தம்பதியாக 17ஏ எண் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இதே சதுக்கத்தில் 27பி எண் வீட்டில் 1944இலிருந்து சில ஆண்டுகள் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் குடியிருந்தார். இருவரும் 1903இல் பிறந்தவர்கள், அரசியலில் நேர் எதிர்த் திசையில் நின்றவர்கள். வேறு வேறு காலத்தில் ஒரே பூங்காவைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். ஆர்வெல் பற்றிப் புதன்கிழமை எழுத வேண்டியிருக்கும்.

மேஃபேரில் ஃபார்ம் ஸ்ட்ரீட் தேவாலயத்தையும் எட்டிப் பார்த்துவிட்டேன். 1930 செப்டம்பர் 29 அன்று அவர் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றது இங்கே. அந்த நம்பிக்கை சாகும்வரை மாறவில்லை.

செவ்வாய், ஆக்ஸ்போர்ட், பெக்லி

இன்று முதல் அக்கா மகன் காரோட்டி. மென்பொருள் வேலை, நாவல் படிக்கும் பழக்கம் இல்லை. ஆனால் கேள்வி கேட்பதில் வக்கீல் தோற்றுவிடுவார். கிளம்பும்போதே, "மாமா, இவர் யாரு, ஏன் இவருக்காக இவ்வளவு தூரம்?" என்று ஆரம்பித்துவிட்டான். வழி நெடுக இந்தக் கேள்விதான்.

ஹெர்ட்ஃபோர்ட் கல்லூரியை எளிதில் அடையாளம் கண்டுபிடிக்கலாம். தெருவின் குறுக்கே இரண்டு கட்டடங்களை இணைக்கும் வளைவுப் பாலம் அதனுடையதுதான். ஆக்ஸ்போர்ட் வரும் எல்லாரும் அதன் அடியில் நின்று படம் எடுக்கிறார்கள். ஈவ்லின் 1922இல் வரலாறு படிக்க உதவித்தொகையோடு இங்கே வந்தார். குடி, நண்பர்கள், ஓவியம் என்று காலம் போனது. 1924இல் மூன்றாம் வகுப்பில் தேறி, பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சி. ஆர். எம். எஃப். கிரட்வெல் என்ற வரலாற்றாய்வாளர். இருவருக்கும் ஆகவில்லை. அதற்குப் பழி வாங்கிய விதம்தான் பிரசித்தம். 1928இல் வந்த முதல் நாவல் 'டிக்ளைன் அண்ட் ஃபால்' தொடங்கி, அடுத்தடுத்த நாவல்களில் கொள்ளைக்காரன், கடைச் சிப்பந்தி என்று அற்பமான பாத்திரம் வரும்போதெல்லாம் கிரட்வெல் என்றே பெயர் வைத்தார். பத்தாண்டுக்கு மேல் இது நடந்தது. அந்த ஆசிரியர் கடைசியில் மனநலம் குன்றி, 1941இல் மருத்துவமனையில் இறந்தார். இலக்கியச் சுவையான செய்தியாக இதைப் பலர் சொல்வார்கள். எனக்கு ரசிக்க முடியவில்லை. பேனா பிடித்தவன் கையில் இருக்கிற பலத்தை, பதில் சொல்ல வழியில்லாத ஒருவர்மேல் இப்படிக் காட்டியது தவறு.

பிராட் ஸ்ட்ரீட்டில் பிளாக்வெல்ஸ் புத்தகக் கடை. பூமிக்கடியில் அறை அறையாகப் புத்தகம். நாவல் பகுதியில் அவருடைய பெங்குவின் பதிப்புகள் வரிசையாக நின்றன. புகழ் நிலைப்பது என்பதை ஓர் அலமாரியில் கண்ணால் பார்க்க முடிகிறதே என்று மகிழ்ச்சியாக இருந்தது. இதே ஊரின் பல்கலைக்கழக அச்சகம் 2017இலிருந்து அவருடைய முழுப் படைப்புகளையும் 43 தொகுதிகளாகக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. லெஸ்டர் பல்கலைக்கழகம் இதற்கு மையம். பேரன் அலெக்சாண்டர் வா பொதுப் பதிப்பாசிரியராக இருந்தார்; 2024இல் காலமாகிவிட்டார். ஓர் அங்கத எழுத்தாளருக்கு 43 தொகுதி என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஈவ்லின் என்பது பெண்களுக்கும் வைக்கும் பெயர் என்பதால் வரும் குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை. 1928இல் அவருடைய முதல் புத்தகமான, ஓவியர் ரோசெட்டியின் வாழ்க்கை வரலாற்றுக்கு மதிப்புரை எழுதிய டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட், அவரை 'மிஸ் வா' என்றே குறிப்பிட்டது. 2016இல் அமெரிக்காவின் டைம் இதழ், கல்லூரிகளில் அதிகம் படிக்கப்படும் நூறு பெண் எழுத்தாளர்கள் பட்டியலில் 97ஆம் இடத்தில் அவரைச் சேர்த்துவிட்டது. பிழை பிழைதான். ஆனால் இறந்து ஐம்பதாண்டு ஆன பிறகும் பட்டியலில் ஏறும் அளவுக்கு வகுப்பறைகளில் அவரைப் படிக்கிறார்கள் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

நகரத்துக்கு வடகிழக்கே சில மைல் தள்ளி பெக்லி என்ற சின்ன ஊர். அங்கே அபிங்டன் ஆர்ம்ஸ் என்று ஒரு பழைய பப். பின்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்தால் ஆட்மூர் சமவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஊர்க்காரர்களே பணம் போட்டு இந்த பப்பை வாங்கியிருக்கிறார்கள். 1929 கோடையில், லண்டன் இளைஞர் கூட்டத்தின் கூத்தடிப்புகளைப் பற்றிய 'வைல் பாடீஸ்' நாவலை ஈவ்லின் இங்கே தங்கித்தான் எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் இருக்கும்போது மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. வேறொருவரைக் காதலிப்பதாக. மணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

நாவலை எடுத்து இரண்டாம் பாதியைப் படித்தால் மாற்றம் தெரியும். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அதன் அடியில் தரை கிடையாது. பதினோராம் அத்தியாயம் அநேகமாக முழுக்கத் தொலைபேசி உரையாடல். ஆடம், நினா என்ற இருவர் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசி, கல்யாணப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். யார் முகம் எப்படி மாறியது, யார் கண் கலங்கியது, ஒன்றும் கிடையாது. பேசுகிறார்கள், வைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். 1930க்கு முன்பு தொலைபேசியில் இப்படி ஒரு உறவு முறிவதை நாவலில் நான் படித்ததில்லை. இன்றைய வாட்ஸ்அப் உரையாடல்கள்கூட இதே நீளத்தில்தான் இருக்கின்றன என்றான் அக்கா மகன். அந்த அத்தியாயத்தை ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு, "இன்னொரு தடவை படிக்கிறேன் மாமா" என்று புத்தகத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டான்.

புதன், கிரானம், ஸ்டிஞ்ச்கோம்

காட்ஸ்வோல்ட் மலைச் சரிவில், பீச் மரக் காடுகளுக்கு நடுவே கிரானம் கிராமம். 1949இல் காசநோய் முற்றிய நிலையில் ஆர்வெல் இங்கே ஒரு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். ஈவ்லின் அப்போது பக்கத்திலேயே ஸ்டிஞ்ச்கோமில் குடியிருந்தார். கிளம்பிப் போய் அவரைப் பார்த்தார். கம்யூனிசத்தை வெறுத்த கத்தோலிக்கர் ஒருவர், கடவுள் நம்பிக்கையில்லாத சோஷலிஸ்ட் ஒருவரின் படுக்கையருகே போய் உட்கார்ந்தார்.

ஆர்வெல் அப்போது ஈவ்லினைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்றுகொண்டிருந்தார். முடிக்காமலே 1950 ஜனவரியில் இறந்துபோனார். அதற்கான குறிப்புகளில் ஒரு வரி உண்டு: ஏற்க முடியாத கருத்துகளை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு நல்ல நாவலாசிரியராக இருக்க முடியுமோ, இன்றைய நாவலாசிரியர்களில் அவ்வளவு நல்லவர் இவர். எனக்குத் தெரிந்து ஈவ்லினைப் பற்றி யாரும் இதைவிட நியாயமாகச் சொன்னதில்லை. எதிர் முகாமில் இருப்பவரைச் சாகும் தறுவாயிலும் இவ்வளவு கவனமாக எடை போட்டாரே, ஆர்வெல்மேல் என் மதிப்பு இன்னும் கூடியது.

ஸ்டிஞ்ச்கோமில் பியர்ஸ் கோர்ட் தனியார் வீடு. சாலையில் நின்று மரங்களுக்கு நடுவே தெரிவதைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது மனைவி லாராவோடு 1937இலிருந்து 1956வரை, போர்க்காலம் நீங்கலாக, இங்கே வாழ்ந்தார். வேலையாக வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை வைத்திருந்தார். 1955 ஜூனில் டெய்லி எக்ஸ்பிரஸ் நிருபர் நான்சி ஸ்பெயின், நோயல்-பக்ஸ்டன் என்ற பிரபுவைக் கூட்டிக்கொண்டு முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். நான் வேலையாக வரவில்லை, பிரபுக்கள் சபை உறுப்பினர் என்று அந்தப் பிரபு சொன்னதாக ஈவ்லின் பிறகு ஸ்பெக்டேட்டர் இதழில் எழுதினார். இருவரையும் விரட்டிவிட்டார். வீட்டின் அமைதி போய்விட்டது என்று அதை விற்கவும் தீர்மானித்தார்.

இதற்குப் பின் நடந்ததுதான் என் கேள்விக்கு நெருக்கமானது. அண்ணன் அலெக் வாவும் நாவலாசிரியர். ஈவ்லினின் புத்தகங்களைவிட அண்ணனின் புத்தகம் எங்கோ மேலே விற்கிறது என்ற பொருளில் நான்சி ஸ்பெயின் எழுதினார். ஈவ்லின் அவதூறு வழக்குப் போட்டார். 1957இல் வென்று 2,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். அன்றைய நிலையில் அலெக்கின் புத்தகம் ஹாலிவுட் வரை போய்விட்டது என்பது உண்மை. நேற்று பிளாக்வெல்ஸ் அலமாரியில் தம்பி மட்டும்தான் இருந்தார்.

போர் முடிந்த சமயத்தில் இந்த வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை மகன் ஆபரன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் வாழைப்பழம் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாத காலம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று அரசாங்கம் கொடுத்தது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பழம். அம்மா லாரா வாங்கி வந்தார். மேசையில் அப்பாவின் தட்டில் மூன்றையும் வைத்தார்கள். கிடைக்காத கிரீமை ஊற்றி, ரேஷன் சர்க்கரையை அள்ளிப் போட்டு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றையும் அவரே சாப்பிட்டு முடித்தார். வாழைப்பழம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் அதுவரை வார்த்தையில் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அப்பா தன் மதிப்பில் நிரந்தரமாக இறங்கிவிட்டார் என்கிறார் ஆபரன்.

இதைச் சொன்னதும் அக்கா மகன் காரை ஓரம் கட்டிவிட்டான். அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். "இந்த ஆள் புத்தகத்தை நீங்க எப்படி மாமா கையால தொடுறீங்க?" என்றான். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

வியாழன், கோம் ஃப்ளோரி

சாமர்செட்டில் டாண்டன் நகருக்கு அருகே செம்மண் நிறக் கற்களால் கட்டிய சின்ன ஊர். ஏற்கெனவே சிரிப்புக்குப் பேர்போன ஊர்தான். 1829இலிருந்து இங்கே பங்குக் குருவாக இருந்த சிட்னி ஸ்மித், தன் காலத்தின் பெரிய நகைச்சுவையாளர். 1956இல் ஈவ்லின் இங்கே குடிவந்தார். 1966 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. பக்கத்து ஊரான விவலிஸ்கோமில், அவருக்குப் பிடித்த பழைய லத்தீன் முறையில் திருப்பலி. குடும்பத்தோடு போய்விட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினார். அன்றே திடீரென்று இறந்தார். வயது 62. கத்தோலிக்கத் திருச்சபையின் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு முறையை மாற்றியது அவரைக் கடைசி ஆண்டுகளில் உலுக்கிவிட்டிருந்தது. ஊர்க் கோயில் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது என்பதால், அதன் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி வெளியே தனியாக மந்திரித்த நிலத்தில் அடக்கம் செய்தார்கள். தோட்டத்தின் ஓரம் வரை போய்ப் பார்த்தோம். புல் வளர்ந்திருந்தது. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அவர் இறந்ததும் நாவலாசிரியர் கிரகாம் கிரீன், தன் படைத் தலைவர் இறந்துவிட்டது போல் உணர்ந்ததாகச் சொன்னார். ஆனால் அடுத்த பத்தாண்டில் பெயர் கெட்டது. 1973இல் அவருடைய நாட்குறிப்புகள் அப்சர்வர் இதழில் தொடராக வந்தன, 1976இல் புத்தகமாயின. நண்பர்கள், பிள்ளைகள், வேலைக்காரர்கள் என்று எல்லாரைப் பற்றியும் ஈவு இரக்கமில்லாத வரிகள். உயிரோடு இருந்தவர்கள் துடித்துப்போனார்கள். பிறகு 1980இல் கடிதங்கள் வந்தபோது கொஞ்சம் வேறு முகம் தெரிந்தது.

தன்மேலும் அவர் அதே கத்தியைத்தான் வைத்தார். இந்தக் கதை நம் பக்கத்தோடு தொடர்புள்ளது. 1954 தொடக்கத்தில் உடம்பு சரியில்லாமல் சிலோனுக்குக் கப்பல் ஏறினார். தூக்கத்துக்காக வருடக்கணக்கில் குடித்துவந்த புரோமைடு, குளோரல் மருந்துகள் உடம்பில் நஞ்சாகியிருந்தன. கப்பலில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பக்கத்து அறையில் தன்னைத் திட்டுகிறார்கள், கொல்லச் சதி செய்கிறார்கள் என்று. எகிப்தில் இறங்கி விமானத்தில் கொழும்புக்குப் போனார். குரல்கள் கொழும்புக்கும் கூடவே வந்துவிட்டன என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். லண்டனுக்குத் திரும்பி மருந்தை மாற்றிய பிறகுதான் நின்றது. வேறு யாராக இருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். அவர் அதையே 1957இல் 'தி ஆர்டீல் ஆஃப் கில்பர்ட் பின்ஃபோல்ட்' என்று நாவலாக்கினார். அந்தக் குரல்கள் பின்ஃபோல்டைத் திட்டும் திட்டுகள்தான் ஊரார் ஈவ்லினைப் பற்றிச் சொன்னவை: போலிக் கனவான், குடிகாரன், பாசிஸ்ட். தன்மேல் உள்ள குற்றப்பத்திரிகையைத் தானே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கப்பல் பயணத்துக்குச் சுமார் ஓராண்டு முன்பு, 1952 டிசம்பரில், தூய சவேரியார் விழாவுக்காக அவர் கோவாவுக்கும் வந்திருக்கிறார்.

வெள்ளி, வடக்கே

நாள் முழுவதும் நெடுஞ்சாலை, மழை. மால்வெர்ன் மலை வரும்போது மட்டும் மேகம் விலகியது. அடிவாரத்தில்தான் மேட்ரஸ்ஃபீல்டு மாளிகை. அங்கிருந்த லைகன் குடும்பத்துப் பிள்ளைகள் ஈவ்லினின் நண்பர்கள். அவர்களுடைய அப்பா பீச்சம் பிரபு, ஓரினச் சேர்க்கையாளர் என்று 1931இல் சொந்த மைத்துனராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' நாவலின் குடும்பத்துக்கு வித்து இங்கிருந்துதான்.

மற்றபடி இன்று வாக்குவாதம்தான். நேற்று இரவு விடுதியில் அக்கா மகன் 'ஸ்கூப்' படித்திருக்கிறான். தோட்டம், பறவை பற்றிப் பத்தி எழுதும் வில்லியம் பூட் என்ற அப்பாவியை, வேறொரு பூட் என்று நினைத்து ஒரு நாளிதழ் ஆப்பிரிக்கப் போருக்கு நிருபராக அனுப்பிவிடுகிறது. முதலாளி காப்பர் பிரபு சொல்வது சரியாக இருந்தால் "நிச்சயமாக, காப்பர் பிரபுவே" என்றும், தப்பாக இருந்தால் "ஓரளவுக்கு, காப்பர் பிரபுவே" என்றும் மட்டுமே பதில் சொல்லும் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியர் அதில் வருகிறார். ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் இன்றும் இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். நாவலில் வரும் நாளிதழின் பெயர் டெய்லி பீஸ்ட். 2008இல் டினா பிரவுன் தொடங்கிய அமெரிக்கச் செய்தித் தளத்துக்கு அதே பெயரைத்தான் வைத்தார். நான் டெஸ்க்கில் இருந்தபோது, நிருபர் போகாத ஊரிலிருந்து செய்தி வருவதையும், ஒரு இதழ் போட்டுவிட்டதே என்று எல்லா இதழும் போடுவதையும் பார்த்திருக்கிறேன். 1938இலேயே அத்தனையும் அந்த நாவலில் இருக்கிறது.

"சிரிப்பு வருது மாமா. ஆனா கறுப்பர்களைப் பத்தி எழுதியிருக்கிற இடங்கள்ல எனக்கு வயிறு கலங்குது" என்றான்.

அவன் சொல்வது சரி. 1935இல் டெய்லி மெயில் நிருபராக அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) போன ஈவ்லின், முசோலினியின் படையெடுப்பை ஆதரித்தே எழுதினார். அடுத்த ஆண்டு அதைப் புத்தகமாகவும் போட்டார். விஷவாயு வீசப்பட்ட நாடு அது. வெள்ளைக்காரன் ஆண்ட மண்ணில் பிறந்த நான் இதைப் படிக்கும்போது, அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக மாட்டேன். அந்தக் காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் பிரிட்டனிலேயே நிறைய இருந்தார்கள். அந்த நாவல்களில் வெள்ளைக்காரப் பிரபுக்களும் தூதர்களும் வாங்கும் அடி இன்னும் பலமானது என்பதும் உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பெயரும் மனமும் இருக்கிறது. கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் அது மறுக்கப்படுகிறது. இந்தக் குறையை எந்தப் பதிப்புரையும் அழித்துவிட முடியாது.

புதன்கிழமை கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொன்னேன். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்' நாவலில் ஒரு பக்கம் இருக்கிறது. டோனியின் மனைவி பிரெண்டாவுக்கு ஜான் பீவர் என்று ஒரு காதலன். மகன் பெயரும் ஜான், ஜான் ஆண்ட்ரூ. கிராமத்தில் வேட்டை நாளில் குதிரை உதைத்துச் சிறுவன் இறந்துபோகிறான். குடும்ப நண்பன் லண்டனுக்கு வந்து, ஜான் இறந்துவிட்டான் என்று பிரெண்டாவிடம் சொல்கிறான். அவள் காதலன்தான் என்று நினைத்து நடுங்குகிறாள். பிறகு புரிகிறது. "ஜான்... ஜான் ஆண்ட்ரூ... நான்... ஓ, கடவுளுக்கு நன்றி" என்கிறாள். அதன் பிறகுதான் அழுகை வருகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு சொல் சேர்க்கவில்லை. அவள் கெட்டவள் என்று இல்லை, ஐயோ பாவம் என்று இல்லை. டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதை வெட்டியே வாழ்ந்தவன் நான். எந்த வரியை எடுத்தாலும் செத்துவிடும், எதைச் சேர்த்தாலும் கெட்டுவிடும் என்று இருக்கிற பக்கங்கள் மிகக் குறைவு. எழுதுவது என்பது மனித மனங்களை ஆராய்வதில்லை, மொழியைக் கையாளும் பயிற்சி என்று அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அப்படிக் கையாண்டதால்தான் அந்தப் பக்கம் தொண்ணூறு ஆண்டாகியும் நேற்று எழுதியது போல் இருக்கிறது.

சனி, கேசில் ஹவர்ட்

யார்க்‌ஷயரில், யார்க் நகரத்துக்கு வடக்கே. ஜான் வான்ப்ரா வடிவமைப்பில் 1699இல் தொடங்கிய மாளிகை. நேர்ச் சாலையில் மேடும் பள்ளமுமாக வந்து, திரும்பியதும் குவிமாடம் தெரிகிறது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. 1940 நவம்பரில் தீப்பிடித்து அந்தக் குவிமாடம் விழுந்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் திரும்பக் கட்டினார்கள்.

1981இல் கிரனாடா தொலைக்காட்சி 'பிரைட்ஸ்ஹெட்' நாவலை ஜெரமி அயன்ஸ் நடிக்க, 11 பகுதிகளாக இங்கே படமாக்கியது. 2008இல் திரைப்படமும் இங்கேதான். நாட்குறிப்புகளால் அடிபட்ட பெயரை உலகம் முழுவதும் மறுபடி தூக்கி நிறுத்தியது அந்தத் தொடர்தான் என்பதில் சந்தேகமில்லை. படப்பிடிப்பால் வந்த வருமானத்தில் எரிந்துபோன ஒரு கூடத்தை மாளிகைக்காரர்கள் திரும்பக் கட்ட முடிந்தது. ஃபெலிக்ஸ் கெல்லி தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. அட்லஸ் நீரூற்று முன்னால் ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இங்கே ஒரு வருத்தம். ஈவ்லின் என்றால் மாளிகை, வெள்ளை உடை, கரடி பொம்மை வைத்திருக்கும் பிரபு மகன் என்று ஆகிவிட்டது. அந்த நாவலை 1944இன் முதல் பாதியில், ராணுவத்தில் விடுப்பு வாங்கி, டெவனில் சாக்ஃபோர்ட் ஊர் விடுதியில் எழுதினார். பஞ்ச காலத்தில் எழுதியதால் உணவு, மது, பழம்பெருமை, அலங்கார மொழி எல்லாவற்றின்மேலும் ஒரு பெருந்தீனி ஆசை புத்தகத்தில் ஏறிவிட்டது, வயிறு நிறைந்த இந்நாளில் அது எனக்கே உவப்பாக இல்லை என்று 1960 திருத்திய பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதினார். அவரே குறைத்து மதிப்பிட்ட குணத்துக்காக உலகம் அவரைக் கொண்டாடுகிறது. நாவலில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நேற்றுச் சொன்ன அந்த ஒரு பக்கத்துக்கு இந்த மாளிகை முழுவதும் ஈடாகாது.

கடைசியாக எழுதிய போர் நாவல் வரிசையான 'சோர்ட் ஆஃப் ஆனர்', 1952, 1955, 1961 ஆண்டுகளில் மூன்று பாகமாக வந்தது. அவருடைய பெயர் அதில்தான் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். கை கிரவுச்பேக் என்ற கத்தோலிக்கக் கனவான், இது தர்ம யுத்தம் என்று நம்பிப் போருக்குப் போகிறான். கடைசிப் பாகத்தில் யுகோஸ்லாவியாவில் யூத அகதிகளைக் காப்பாற்ற முயல்கிறான். ஈவ்லினும் 1944இல் அங்கே இருந்தவர். கன்யி என்ற அகதிப் பெண் அவனிடம் சொல்கிறாள்: போரை நாஜிகள் மட்டும் விரும்பவில்லை, போர் வந்தால் தங்கள் மானம் காப்பாற்றப்படும், கொன்றும் இறந்தும் ஆண்மையை நிலைநாட்டிக்கொள்ளலாம் என்று நல்லவர்களும் நினைத்தார்கள். இங்கிலாந்தில் அப்படி யாரும் இல்லையா என்று கேட்கிறாள். "கடவுள் என்னை மன்னிக்கட்டும், அவர்களில் நானும் ஒருவன்" என்கிறான் கை. பிறகு நடப்பது இன்னும் கொடுமை. அவன் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய படப் பத்திரிகைகளே அவளுக்கு எதிரான சாட்சியாகி, அவளைக் கொன்றுவிடுகிறார்கள்.

முசோலினியை ஆதரித்த அதே பேனா எழுதியது இது. வாழ்நாள் முழுக்கத் தான் தூக்கிப் பிடித்த வீரம், குலப்பெருமை எல்லாவற்றையும் ஓர் அகதிப் பெண்ணின் கேள்வி முன்னால் நிறுத்தித் தோற்க விட்டிருக்கிறார். மேடையேறி மன்னிப்புக் கேட்டதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

மாளிகைத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். "பிள்ளைங்க தட்டுல இருந்து பழத்தை எடுத்தவரை நான் மன்னிக்க மாட்டேன்" என்றான் அக்கா மகன். மன்னிக்க வேண்டாம் என்றேன். அந்த மகனே மன்னிக்கவில்லை. ஆனாலும் அப்பா புத்தகங்களைப் படிக்காமல் இருக்கவில்லை. மூன்று பாகத்தையும் ஒன்றாகச் சேர்த்த பதிப்பு மாளிகைக் கடையில் இருக்கிறதா என்று பார்க்க அவன் எழுந்து போனான். அங்கே 'பிரைட்ஸ்ஹெட்' மட்டும்தான் இருந்தது. யார்க் நகரத்தில் நல்ல புத்தகக் கடைகள் உண்டு, மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம்.